அப்பா பெயரில் கரண்ட் கனெக்‌ஷன், மாடியில் சோலார்: யாரிடம் என்ன அனுமதி வாங்க வேண்டும்?

கரந்தைக்காரன்

வணக்கம். தஞ்சாவூர் கரந்தையில் எங்கள் வீடு. கீழே அம்மா இருக்கிறார், மாடியில் தம்பி குடும்பம். நான் வேலைக்காகச் சென்னையில் இருக்கிறேன், மாதம் ஒரு தடவைதான் போய் வருவேன். அதனால் அங்கே போய்க் கேட்டு, அலைந்து, திரும்ப வந்து மறுபடி போகும் நிலை எனக்கு இல்லை. போகும் முன்பே தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் இரண்டு கனெக்‌ஷன், கீழ்த்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. இரண்டுமே இன்னும் அப்பா பெயரில் இருக்கின்றன. அப்பா தவறி ஆறு வருடமாகிறது. பில் ஒழுங்காகக் கட்டி வந்ததால் பெயர் மாற்றுவதை யாரும் யோசிக்கவில்லை. வாசலை ஒட்டி ஒரு கடை இருக்கிறது, தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், அவருக்குத் தனியாகக் கமர்ஷியல் கனெக்‌ஷன்.

மாடியில் இரண்டு ஏசி. கோடையில் இரண்டு மாத ரீடிங் 900 யூனிட்டைத் தொட்டுவிடுகிறது, பில் 5,900 ரூபாய்க்கு மேல். அம்மாவுக்கு 250 யூனிட்டைத் தாண்டியதே இல்லை. தம்பிதான் சோலார் போடலாம் என்று ஆரம்பித்தான். ஒரு வென்டர் வந்து பார்த்துவிட்டு 3 கிலோவாட் போடுங்கள், 2,05,000 ரூபாய், அதில் 78,000 மானியம் வந்துவிடும், பாதிப் பணத்தை இன்றைக்கே கொடுத்தால் போதும், பெயர் மாற்றம், இபி வேலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பெரியவர், கண்ணாடி மாதிரி வெளிச்சம் என் ஜன்னலில் அடிக்கும், முதலில் மாநகராட்சியில் பெர்மிஷன் வாங்கு என்கிறார். நல்ல மனிதர், சண்டை போடும் ஆளில்லை, அதனால் அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் கூரை. வீட்டின் முன்பாதி காங்கிரீட், அதன் மேல்தான் மாடி. பின்பாதி தாத்தா கட்டியது, மெட்ராஸ் டெரஸ், ஒரே தளம். மாடிக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தின் நிழலும் விழும். அதனால் பின்பாதிக் கூரையில் போட்டுவிடலாம் என்கிறார் வென்டர்.

என் கேள்விகள்: மாநகராட்சி அனுமதி வேண்டுமா? பெயர் மாற்றாமல் போட முடியுமா? எந்தக் கனெக்‌ஷனில் போடுவது? சோலார் போட்டால் 100 யூனிட் இலவசம் போய்விடும் என்று தம்பியின் நண்பர் ஒருவர் சொல்கிறார், உண்மையா?

---

ஓய்வு_உதவிப்பொறியாளர்

தம்பி, முதலில் ஒன்று. அந்தப் பாதிப் பணத்தை இன்றைக்குக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றம் முடியும் வரை ஒரு ரூபாய் கூட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் (2024 பிப்ரவரியில் தொடங்கியது) மானியம் வென்டருக்குப் போவதில்லை, மின் இணைப்பு வைத்திருப்பவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு செய்யும்போது உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொடுப்பீர்கள், அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பயனாளி. இல்லாதவர் பெயரில் வங்கிக் கணக்கு ஏது? பேனலும் ஏறி, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரும் மாட்டி, மானியம் கேட்கும் கட்டத்தில் போய் நின்றவர்களை நான் சர்வீஸில் இருந்தபோதும் பார்த்தேன், ஓய்வு பெற்ற பிறகும் பார்க்கிறேன். வென்டருக்கு அதற்குள் முழுப் பணமும் போயிருக்கும், அவருக்கு அவசரம் எதுவும் இருக்காது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் வாரிசுச் சான்றிதழ், அது தாசில்தார் கொடுப்பது, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகப் போய் வரும். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, யார் பெயருக்கு மாற்றப் போகிறீர்களோ அவரைத் தவிர மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். அம்மா பெயருக்கு மாற்றுவதென்றால் நீங்களும் தம்பியும் கையெழுத்துப் போட வேண்டும், உடன்பிறந்த பெண்கள் இருந்தால் அவர்களும். இவற்றை வைத்து மின்வாரியத்தின் இணையதளத்திலேயே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். சென்னையிலிருந்தே செய்துவிட முடியும்.

எந்தக் கனெக்‌ஷன் என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ஒரே வீடு, ஒரே கூரை என்பதால் சோலார் கரண்ட் வீடு முழுவதற்கும் கழியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கழியாது. எந்த இணைப்பு எண்ணில் சோலாரைச் சேர்க்கிறீர்களோ அந்த எண்ணின் பில்லில் மட்டும்தான் கழியும். அம்மாவின் கீழ்த்தள இணைப்பில் போட்டால் அங்கே 250 யூனிட்டை நீக்கிவிட்டு மிச்சம் சும்மா வரவில் நிற்கும், மாடியில் தம்பி அதே 5,900-ஐக் கட்டிக்கொண்டிருப்பார்.

கணக்கைப் பாருங்கள். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு முதல் 100 இலவசம், அடுத்த 300 யூனிட் 4.80 வீதம், அடுத்த 100 யூனிட் 6.45, அடுத்த 100 யூனிட் 8.55, அதற்குப் பிறகு 800 வரை 9.65, அதற்கும் மேலே 1,000 வரை 10.70. கூட்டினால் 900 யூனிட்டுக்கு 5,940 வருகிறது, நீங்கள் சொன்ன தொகைதான். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 700 யூனிட். 900-இல் அந்த 700 கழிந்து நிகரமாக 200 யூனிட் நின்றால், 100 இலவசம் போக மீதி 100 யூனிட் 2.35 வீதம், 235 ரூபாய். சோலார் உற்பத்தியின் மீது நெட்வொர்க் கட்டணம் என்று ஒரு வரி தனியாக வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 10.70-ம் 9.65-ம்தான் முதலில் கழிகின்றன, அதனால்தான் அதிகம் ஓடும் இணைப்பில் போடச் சொல்கிறேன். மாடி இணைப்பை தம்பி பெயருக்கு மாற்றிக்கொண்டு அதில் போடுங்கள்.

இதிலிருந்தே உங்கள் நான்காவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். இலவச 100 யூனிட் நிகரக் கணக்கில் கழிகிறது, சோலார் போட்டதற்காக யாரும் அதைப் பிடுங்குவதில்லை.

லோடு: மாடி இணைப்பின் சாங்‌ஷன் லோடு (இணைப்புக்கு அனுமதித்த அதிகபட்ச மின்சுமை) எவ்வளவு என்று பாருங்கள், பழைய வீடுகளில் 1 அல்லது 2 கிலோவாட்தான் இருக்கும். சோலார் அளவு அதைத் தாண்டினால் லோடையும் கூட்ட வேண்டும். 2024-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரைக்கும் தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை, முழுமையான விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும், தேவையான லோடு உயர்வையும் மின்வாரியமே செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் ஏதாவது வந்தால் ஆன்லைனில் உங்கள் இணைப்பு எண்ணுக்கே கட்டி ரசீது எடுத்துக்கொள்ளுங்கள், வென்டர் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். 4 கிலோவாட் வரை சிங்கிள் ஃபேஸ் போதும். அதற்கு மேல் போனால் த்ரீ ஃபேஸ் கேட்பார்கள், நீங்கள் 3-இல் நிற்பது அந்த வகையிலும் நல்லது.

மாநகராட்சி: சோலார் விண்ணப்பத்தில் மாநகராட்சி அனுமதிக் கடிதம் என்று எந்த ஆவணமும் கேட்பதில்லை, பக்கத்து வீட்டுச் சம்மதமும் கேட்பதில்லை. பேனலைத் தாங்கும் சட்டம் உங்கள் சுவர் எல்லைக்குள் நின்றால் போதும். ஆனால் எட்டடி, பத்தடிக்குத் தூண் நிறுத்தி, பேனலைக் கூரையாக்கி, நாலு பக்கமும் ஷீட் அடைத்து அறை மாதிரி ஆக்கினால் அது வேறு கதை. அப்போது அது கட்டடம்தான், கட்டட அனுமதியும் வரும், சொத்து வரியும் வரும். மானியத்தோடு வீட்டுக்கு ஒரு ஷெட்டும் கிடைக்கிறது என்று சிலர் ஆசை காட்டுவார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

---

பீளமேடு_மீனா

சார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நான் போட்ட அனுபவத்தை மட்டும் சொல்கிறேன் அண்ணா. எங்கள் வீடு கோயம்புத்தூரில், போன வருடம் 3 கிலோவாட் போட்டோம். இணைப்பு மாமனார் பெயரில் இருந்தது, அவர் நல்லபடியாக இருக்கிறார், அதனால் அவர் பெயரிலேயே பதிவு செய்தோம், மானியமும் அவர் கணக்குக்கே வந்தது. அந்த விஷயத்தில் எங்களுக்குச் சுலபம்.

ஆனால் நாங்கள் வேறு ஒன்றில் மாட்டினோம். முதலில் பேசிய வென்டர் கொடுத்த கொட்டேஷனில் பேனல் என்று மட்டும் இருந்தது, டிசிஆர் பேனலா என்று எழுதவில்லை. மானியம் வேண்டுமென்றால் செல், மாட்யூல் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், அதைத்தான் டிசிஆர் என்கிறார்கள். வெளிநாட்டு செல் போட்ட பேனல் விலை குறைவு, அதைக் காட்டி விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். நான் கேட்டபோது அதெல்லாம் ஒன்றுதான் மேடம் என்றார். அங்கேயே நிறுத்திவிட்டோம், நல்லவேளை முன்பணம் 10,000தான் கொடுத்திருந்தோம், அதைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் போன் போட்டேன்.

இரண்டாவது வென்டரைத் தேசியத் தளத்தின் பட்டியலில் பார்த்துத்தான் பிடித்தோம். பட்டியலில் இல்லாத ஆளிடம் போட்டால் மானியமே வராது. அவரிடம் நான் எழுதி வாங்கியவை: பேனல் கம்பெனி பெயர், வாட், எண்ணிக்கை, டிசிஆர் என்ற வார்த்தை, இன்வெர்ட்டர் மாடல், ஐந்து வருடப் பராமரிப்பு, ஜிஎஸ்டி சேர்த்த மொத்தத் தொகை. (2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, உங்கள் கொட்டேஷன் பழைய வரியில் போட்டதா என்று பாருங்கள்.) பணத்தையும் தவணை பிரித்தோம். பேனல் வீட்டு வாசலில் இறங்கியதும் ஒரு பங்கு, மாட்டி முடித்ததும் ஒரு பங்கு, மீட்டர் மாற்றி உற்பத்தி தொடங்கிய பிறகு கடைசிப் பங்கு. கடைசிப் பங்கு கையில் இருந்ததால்தான் அவர் கடைசி வரை போனை எடுத்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாட்டி முடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வென்டர் போட்டோக்களையும் வேலை முடிந்த விவரத்தையும் தளத்தில் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் இபியிலிருந்து ஆய்வுக்கு வருவார்கள், ஏற்றுமதி இறக்குமதி இரண்டையும் பதிவு செய்யும் மீட்டர் போடுவார்கள், அப்புறம் கமிஷனிங் அறிக்கை (சோலார் இயங்கத் தொடங்கியதற்கான சான்று) வரும், அது வந்த பிறகு நாம் வங்கி விவரம் கொடுத்து மானியம் கேட்க வேண்டும். எங்களுக்கு நடுவில் மூன்று வாரம் ஒன்றுமே நகரவில்லை. போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, வென்டர் எர்த்திங் போட்டோவை ஏற்றாமலே விட்டிருக்கிறார். தளத்தில் உங்கள் லாகினிலேயே விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். பதிவு செய்யும்போது உங்கள் மொபைல் நம்பரைக் கொடுங்கள், வென்டர் நம்பரைக் கொடுக்க விடாதீர்கள், ஊரில் இல்லாத உங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

மானியக் கணக்கு: முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, மொத்தம் 78,000. ஐந்து போட்டாலும் அதே 78,000தான். முழுப் பணத்தையும் கையிலிருந்து போட முடியாதென்றால் 3 கிலோவாட் வரைக்கும் பொதுத்துறை வங்கிகளில் சொத்து அடமானம் இல்லாமல் 2 லட்சம் வரை கடன் உண்டு, ஜன் சமர்த் தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றை அம்மாவிடமும் தம்பி மனைவியிடமும் முன்பே சொல்லி வையுங்கள். கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். நல்ல வெயில் அடிக்கும், மேலே ஆறு பேனல் இருக்கும், வீட்டில் ஃபேன் ஓடாது. என் மாமியார் முதல் நாள் ரொம்ப வருத்தப்பட்டார், இவ்வளவு பணம் போட்டு இதற்குத்தானா என்று.

---

ஓய்வு_உதவிப்பொறியாளர்

மீனா அம்மா சொன்ன கடைசி விஷயத்துக்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். லைனில் சப்ளை இல்லாதபோது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் வெளியே போனால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் வயர்மேன் உயிருக்கு ஆபத்து. அவர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் கை வைப்பார். அதனால் கிரிட், அதாவது மின்வாரிய லைனில் சப்ளை, இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றே ஆக வேண்டும், இதில் சமரசமே கிடையாது. எனக்குத் தெரிந்த ஆட்கள் அந்தக் கம்பங்களில் ஏறியிருக்கிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடலாம், அதுவும் கிரிட்டோடு சேர்ந்திருந்தால் சோலாருக்கு மானியம் உண்டு, பேட்டரிக்குக் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே சாதாரண இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேனுக்கும் லைட்டுக்கும் அதுவே போதும்.

முன்பு எழுத விட்டுப்போனது ஒன்று: வீட்டுக்கு முன்னால் அல்லது பக்கத்தில் மின்கம்பி போகிறதா? வீட்டுக்கு வரும் சாதாரண லைன் என்றால் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே போனால் 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் லைன் என்றால் பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். கட்டடம் கட்டியபோது சரியாக இருந்த இடைவெளி, பேனல் சட்டத்தை உயர்த்தும்போது குறைந்துவிடும். தரையிலிருந்து பார்த்தால் தெரியாது, மாடியில் ஏறிப் பார்க்க வேண்டும். கம்பியை நோக்கி டேப்பை நீட்டி அளக்காதீர்கள், சந்தேகம் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் சொன்னால் வந்து பார்ப்பார்கள்.

எர்த்திங் மூன்று குழி தனித்தனியாக: பேனல் பக்கத்து டிசி கரண்டுக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வரும் ஏசி கரண்டுக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ஒரே குழியில் மூன்றையும் சேர்த்து முடித்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள்.

---

சுண்ணாம்பும்_செங்கல்லும்

நான் சிவில், கும்பகோணம், பழைய வீடுகளைச் சீரமைப்பதுதான் என் வேலை. இந்த இழையில் எனக்கு ஒரே ஒரு வரிதான் கண்ணில் உறுத்துகிறது: பின்பாதி மெட்ராஸ் டெரஸில் போட்டுவிடலாம் என்று வென்டர் சொன்னது.

தயவுசெய்து போடாதீர்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன என்று பார்க்காதவர்களுக்கு: தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கலைக் குத்துவாக்கில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியாகத் தட்டோடு பதித்திருப்பார்கள். உள்ளே கம்பி கிடையாது. பாரத்தைத் தாங்குவது அந்த மரமும், செங்கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும் பிடிப்பும்தான். அதில் ட்ரில் வைத்து ஆங்கர் போல்ட் இறக்கினால் பிடிக்கவும் பிடிக்காது, ஆடிய செங்கல் வழியாக ஐப்பசி மழை நேராக உத்தரத்தின் தலையில் இறங்கும். உத்தரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் மக்கும், அது வெளியே தெரியாது. கரையான் வேறு.

போல்ட் வேண்டாம், காங்கிரீட் கட்டைகளை வைத்து அதன் கனத்தில் நிறுத்துகிறேன் என்பார்கள். காங்கிரீட் தளத்தில் அது நல்ல முறை, நானே சிபாரிசு செய்வேன், தட்டோட்டைத் துளைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே கணக்கைப் பாருங்கள். இப்போது வரும் 540, 550 வாட் பேனல் ஒவ்வொன்றும் 28 கிலோ அளவில் இருக்கும், 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல், சட்டம் தனி. அந்தப் பாரம் பெரிதில்லை. பெரிது காற்று. பேனல் ஒரு பாய்மரம் மாதிரி, கீழே புகுந்த காற்று அதைத் தூக்கும், தூக்காமல் இருக்க வேண்டுமென்றால் கனம் ஏற்ற வேண்டும். அந்தக் கனத்தை எண்பது வருட உத்தரத்தின் மேல் நிரந்தரமாக வைக்கிறோம் என்பதுதான் என் கவலை. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் கரையேறி டெல்டாவை என்ன செய்தது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பாதிக் காங்கிரீட்டில்தான் போட வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 300 சதுர அடி வேண்டும். தொட்டி இடைஞ்சல் என்றால் தொட்டியை நகர்த்துங்கள், அது பிளம்பர் செய்யும் ஒருநாள் வேலை. தென்னை நிழல் மேற்கே என்பதால் மாலையில்தான் விழும், மூன்று மணிக்குப் பிறகு என்றால் இழப்பு குறைவு. வரும் சனி, ஞாயிறு தம்பியை மாடியில் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். வென்டர் கணக்கை விட அந்தக் கோட்டை நான் நம்புவேன். பேனல் தெற்குப் பார்த்து, பத்து, பதினோரு டிகிரி சாய்வில் போதும், நம் ஊர் அட்சரேகையே அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் இதுவே பதில். பேனல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே இழுக்கச் செய்யப்பட்டது, ஜன்னல் கண்ணாடியை விடக் குறைவாகத்தான் பிரதிபலிக்கும். நம் ஊரில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கிறது, சாய்வும் குறைவு, அதனால் பட்டுத் திரும்புவதும் பெரும்பாலும் மேலேதான் போகும். அவரை மாடிக்குக் கூப்பிட்டு எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று காட்டிவிடுங்கள். பேனலில் விழும் மழைத்தண்ணீர் அவர் பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

தஞ்சாவூர் என்பதால் இன்னொன்று. பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தொல்லியல் சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் கட்டுமானம் என்பதற்குள் உயரவாக்கில் சேர்ப்பதும் வருகிறது. தளத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும் பேனலை விட, தூண் வைத்து உயர்த்தும் இரும்புச் சட்டத்தில்தான் கேள்வி எழும். கரந்தை தூரம், உங்களுக்குப் பிரச்சினை இல்லை. கோயிலை ஒட்டி வீடு இருப்பவர்கள் வேலை தொடங்கும் முன் எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

அடுக்ககம்_4சி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் திருச்சியில் எட்டு வீடுகள் உள்ள அடுக்குமாடி. மொட்டை மாடி பொதுவானது, எனக்குப் பிரிபடாத பங்கு இருக்கிறது. என் வீட்டுக்கு மட்டும் 3 கிலோவாட் போட்டுக்கொள்ள முடியுமா?

---

ஓய்வு_உதவிப்பொறியாளர்

மற்ற ஏழு வீட்டாரும் எழுத்தில் சம்மதித்தால் முயலலாம். வாய்ச் சம்மதம் வேண்டாம், சங்கத் தீர்மானமாகவே எழுதி எல்லோர் கையெழுத்தும் வாங்குங்கள், நாளைக்கு ஒரு வீடு கைமாறினால் புதியவர் கேட்பார். ஆனால் என் யோசனை, தனியாகப் போடுவதை விடப் பொது இணைப்புக்குப் போடுங்கள். மோட்டார், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் எல்லாம் ஓடும் அந்த இணைப்புக்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே காசு. சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 18,000 மானியம் உண்டு. மாதப் பராமரிப்புத் தொகை எல்லோருக்கும் குறையும், மொட்டை மாடி யாருடையது என்ற பேச்சும் எழாது.

---

கரந்தைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், ஊருக்குப் போய் வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

முன்பணம் கொடுக்கவில்லை. வென்டரிடம் டிசிஆர் என்று எழுதிக் கொடுங்கள், பணம் தவணையாகத் தருகிறேன் என்றேன், யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் சொல்லவில்லை. பட்டியலில் இருந்து வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறோம். அதில் ஒருவர் மாடி ஏறியதும் முதலில் கேட்டதே எதிரே போகும் கம்பி எந்த லைன் என்றுதான், அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டோம். தங்கை திருவாரூரில் இருக்கிறாள், அவளிடம் போய்ச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும்போது, மாடி இணைப்பு தம்பிக்கு, கீழ் இணைப்பு அம்மாவுக்கு என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிட்டோம். அப்பா காலமான பிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து இந்த மாதிரி எதையும் பேசியதில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், அப்பா பெயரை அட்டையிலிருந்து எடுத்துவிடுவார்களா என்று ஒரு முறை மட்டும் கேட்டார். பழைய அட்டையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

தம்பி சாக்பீஸ் கோடு போட்டான். தென்னை நிழல் மூன்றரைக்குத்தான் தளத்தைத் தொடுகிறது. தொட்டியை வடமேற்கு மூலைக்கு மாற்றினால் முன்பாதியிலேயே 320 சதுர அடி கிடைக்கிறது, பின்பாதியைத் தொட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரும் மாடி ஏறி வந்து பார்த்தார். தண்ணீர் தன் பக்கம் வராது என்று தெரிந்ததும், அவர் வீட்டு இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி அட்டையைக் கொண்டு வந்து நீட்டினார். அவர் அப்பா பெயரில் இருக்கிறது.

சித்தப்பா வீடு கோயில் பக்கம், அவரும் போட ஆசைப்படுகிறார். அவரை முதலில் எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் மாற்றம் முடிந்ததும் மறுபடி வருகிறேன், அப்போது கொட்டேஷனை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.